புனிதருக்கு ஒரு ரோஜா, ஒரு புத்தகம்

ஏப்ரல் 23 இங்கிலாந்தின் பாதுகாவலரான புனித ஜார்ஜின் திருநாள். அன்றைக்கு அங்கே விடுமுறை கிடையாது. ஊரெல்லாம் கூடிச் செய்வதற்கென்று ஒரு சடங்கும் கிடையாது. வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட கொடியை வாசலில் கட்டலாம். ஆனால் கால்பந்துப் போட்டி இல்லாத நாளில் கட்டினால், இவர் எந்தக் கட்சி என்று அக்கம்பக்கத்தில் யோசிப்பார்கள். மிஞ்சுவது, இந்த நாளை நாம் ஏன் கொண்டாடுவதில்லை என்ற விவாதம் ஒன்றுதான். அதை மட்டும் வருஷம் தவறாமல் கொண்டாடுகிறார்கள். நாட்டுப்பற்று குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் நொந்துகொள்கிறார்கள். பற்றெல்லாம் போதுமான அளவு இருக்கிறது. கையில் பிடிக்கத்தான் ஒரு பொருள் இல்லை என்பது என் கட்சி.

அதே புனிதர், அதே தேதி, ஆனால் பார்சலோனாவில் கதையே வேறு. கத்தலோனியாவுக்கும் அவரே பாதுகாவலர். அன்று தெருவோரமெங்கும் மேசை போட்டுப் புத்தகமும் ரோஜாவும் விற்கிறார்கள். முன்பெல்லாம் ஆண் ரோஜா கொடுப்பார், பெண் புத்தகம் கொடுப்பார். இப்போது யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கலாம். ரோஜா வந்தது கதையிலிருந்து: ஜார்ஜ் கொன்ற டிராகனின் ரத்தத்தில் முளைத்ததாம். புத்தகம் வந்தது கடையிலிருந்து: அக்டோபரில் நடந்துவந்த ஸ்பெயினின் புத்தக நாளை 1930இல் எழுத்தாளர் செர்வான்டிஸின் நினைவுநாளான ஏப்ரல் 23க்கு மாற்றினார்கள். 1995இல் யுனெஸ்கோ அதே தேதியை உலகப் புத்தக நாளாக அறிவித்தது. ஷேக்ஸ்பியர் இறந்ததும் ஓர் ஏப்ரல் 23தான். சரக்கு முழுவதும் இங்கிலாந்திடம் இருக்க, கடை போட்டவர்கள் கத்தலோனியர்கள்.

இது வெறும் வியாபாரம் என்று ஆட்சேபிக்கலாம். வியாபாரம்தான், அன்று புத்தகத்துக்குப் பத்து சதவீதக் கழிவுகூட உண்டு. ஆடித் தள்ளுபடியில் மிதிபட்டு வளர்ந்த நாம் இதற்கா முகம் சுளிப்பது? ஜார்ஜ் இங்கிலாந்துக்காரரே இல்லை, அதனால்தான் மனத்தில் ஒட்டவில்லை என்பார்கள். பார்சலோனாவிலும் அவருக்குச் சொந்தபந்தம் கிடையாது. அவர் பெயர் சென்னையில்கூட ஒரு கோட்டையோடு ஒட்டி, தமிழக அரசின் தலைமைச் செயலக முகவரியாகவே நிலைத்துவிட்டது. அயர்லாந்தின் புனித பேட்ரிக்கும் பிரிட்டனில் பிறந்தவர்தான். பதினாறு வயதில் அவரை அயர்லாந்துக்காரர்கள் கடத்திப்போய் ஆடு மேய்க்க விட்டார்கள். இன்று கடத்தியவர்களின் சந்ததிக்கே அவர் பாதுகாவலர். அவர் பெயரைச் சொல்லி 1962 முதல் சிகாகோவில் ஆற்றையே பச்சையாக்குகிறார்கள். விடுமுறை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் ஸ்காட்லாந்தைப் பார்க்கட்டும். அங்கே தங்கள் பாதுகாவலரான புனித ஆண்ட்ரூவின் நாளை 2007இல் சட்டம் போட்டு வங்கி விடுமுறை ஆக்கினார்கள். வங்கிகள் மூடியாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. பார்சலோனாவிலோ ரோஜாக் கூட்டமே அலுவலகம் போகிற வழியில்தான் கூடுகிறது.

ஆகவே இங்கிலாந்துக்காரர்கள் நாடாளுமன்றத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று வாங்கினால் டிராகன் பிஸ்கட் இலவசம் என்று ஒரு கடைக்காரர் பலகை மாட்டட்டும். அடுத்த வருஷம் எதிர்க்கடைக்காரர் இரண்டு பிஸ்கட் தருவார். மூன்றாம் வருஷம், இது ஆதிகாலத்து வழக்கம் என்று யாராவது கட்டுரை எழுதிவிடுவார்கள்.