பாட்டை எங்கே ஏற்றுவது? தருமபுரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

சொந்தப் பாட்டை இணையத்தில் ஏற்ற முதலில் பாட்டு வேண்டும் என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வார்கள். முதலில் வேண்டியது தகராறு. பென்னாகரத்து டீக்கடையில் நாலு பேரைக் கூட்டி வைத்து, எந்தத் தளம் நல்லது என்று கேளுங்கள். இதுவரை எதிலும் எதையும் ஏற்றாதவர் எவரோ, அவர் சொல்வதே தீர்ப்பு.

நம் மாவட்டத்தில் பம்பைக்காரர் உண்டு, காதல் தோல்விக்குத் தானே மெட்டுப் போட்டுக்கொள்ளும் கல்லூரிப் பையன்கள் உண்டு. ஆனால் எடுத்துக்காட்டுக்குப் பாரதக் கூத்தையே வைத்துக்கொள்வோம். எல்லாத் தொல்லையும் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும். திரௌபதி அம்மன் கோயிலில் உங்கள் செட்டு இரவு பத்துக்குத் தொடங்கி, காலை ஆறுக்கு முடிக்கிறது. மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், பின்பாட்டு, நடுநடுவே ஜெனரேட்டர். சிடி தரத்தில் வேவ் கோப்பாகப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. எட்டு மணி நேரத்துக்கு 5 ஜி.பி. வேவ் கோப்புக்கோ 4 ஜி.பி.தான் எல்லை. அர்ச்சுனன் தபசு மரத்தின் உச்சிக்குப் போய்ச் சேருமுன்பே கோப்பு நிரம்பிவிடும். நல்ல ரெக்கார்டர் என்றால் தானே அடுத்த கோப்பைத் தொடங்கும். 128 கே.பி.பி.எஸ். எம்பி3 ஆகச் சுருக்கினால் மொத்தமும் சுமார் 460 எம்.பி.யில் அடங்கும், முகவீணை கொஞ்சம் தகரம் தட்டும். அதனாலென்ன, ரேடியோ செட்டு குழாயில் கேட்டுப் பழகிய காதுதானே.

இப்போது தளத்துக்கு வருவோம். கூகுள் டிரைவ் இலவசமாக 15 ஜி.பி. தருகிறது. மெயிலும் போட்டோவும் அதற்குள்ளேயேதான். லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும்போது அனுமதியை மாற்ற மறந்துவிடுவது மிக முக்கியம். அப்போதுதான் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக உங்களிடம் அனுமதி கேட்டு மெயில் அனுப்புவார்கள். பெரியப்பா மட்டும் மெயில் அனுப்பமாட்டார். "ஓப்பன் ஆவல கண்ணு" என்று வாய்ஸ் மெசேஜ் வரும். அதையும் சேமித்து வையுங்கள், குரல் நன்றாக இருக்கும்.

சவுண்ட்கிளவுடு மணிக்கணக்கில் அளந்து தரும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் காசு. நம் கூத்தில் அந்த நேரத்துக்குள் கட்டியங்காரன் ஊர்ப் பெரியவர்களைக் கிண்டல் செய்தே முடித்திருக்கமாட்டான்.

யூடியூப்பில் இடப் பிரச்சினை இல்லை, கட்டியங்காரன்தான் பிரச்சினை. தூக்கம் கலைக்க அவன் இளையராஜா மெட்டு ஒன்றை எடுத்துவிடுவான். 2007 முதல் அங்கே கண்டென்ட் ஐடி என்ற காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். எட்டு மணி நேரப் பாரதத்தில் அந்த ஒரு நிமிடத்தைத் துழாவி எடுத்து உரிமை கேட்பான். மேடையில் பாடியதற்காக எஸ்.பி.பி.க்கே 2017 மார்ச்சில் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. உங்கள் கட்டியங்காரன் எம்மாத்திரம்?

பணம் பார்க்க வேண்டுமா? ஸ்பாட்டிஃபை இருக்கிறது. நேராகப் போய் ஏற்ற முடியாது, நடுவில் விநியோகிப்பவர் ஒருவர் வேண்டும். அவருக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிற வழியைத்தான் பலரும் பிடிக்கிறார்கள், சந்தாவை விட்டால் பாட்டும் இறங்கிவிடலாம். 2024 முதல் இன்னொரு விதி: பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்குச் சல்லிக்காசு கிடையாது. பாலக்கோட்டில் தக்காளி கிலோ ஒரு ரூபாய்க்கு விழும் நாளில்கூட அந்த ஒரு ரூபாயைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

பேண்ட்கேம்ப் யோக்கியமான இடம் என்பேன். விற்பனையில் 15 சதவீதமும் பணம் மாற்றும் கட்டணமும் போக மிச்சம் உங்களுக்கு. ஆனால் பணம் வந்து சேரும் வழி பேபால். அந்த பேபாலோ 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பணப் பட்டுவாடாவை நிறுத்திவிட்டது. ஆகவே காரிமங்கலத்து ரசிகர் உங்கள் பாட்டை வாங்குவது கஷ்டம், கனடாவில் இருக்கும் அவர் மச்சான் வாங்கலாம். பேண்ட்கேம்ப்பையே 2022இல் ஒரு வீடியோ கேம் கம்பெனி வாங்கியது, மறு ஆண்டே விற்றது. அதில் ஊழியர்களில் பாதிப்பேருக்கு வேலை போனது.

பெரிய கம்பெனியாகப் பார்த்துப் போட்டால் பாட்டு பத்திரமாக இருக்கும் என்பது இன்னொரு நல்ல யோசனை. எம்பி3.காம் 2003 டிசம்பரில் மூடப்பட்டு, லட்சக்கணக்கான பாட்டுகள் அத்தோடு போயின. மைஸ்பேஸ் ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய கூட்டம். சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றியவை தொலைந்துவிட்டன என்று 2019 மார்ச்சில் தெரியவந்தது. சுமார் ஒன்றரைக் கோடி கலைஞர்களின் ஐந்து கோடிப் பாட்டுகள் என்று பத்திரிகைகள் எழுதின. கம்பெனி வருத்தம் தெரிவித்து, உங்கள் பிரதியை நீங்கள் வைத்துக்கொள்வது நல்லது என்று புத்தியும் சொன்னது. அதில் மீட்கப்பட்டவை ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அவற்றை வாங்கி வைத்தது இன்டர்நெட் ஆர்க்கைவ்.

எனக்குப் பிடித்த இடம் அந்த ஆர்க்கைவ்தான். 1996இல் தொடங்கிய லாப நோக்கில்லாத அமைப்பு. சந்தா இல்லை, விளம்பரம் இல்லை. வேவ் கோப்பைப் போட்டால் எம்பி3யைத் தானே செய்துகொள்ளும். குறை சொல்லாமல் விடலாமா? திருட்டுப் படங்களைத் தடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவில், 2017 ஆகஸ்டில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான தளங்களோடு இதுவும் இந்தியாவில் சில நாள் முடங்கியது. ஷாருக்கான் படத்துக்கு வைத்த வலையில் பழைய கிராமபோன் தட்டுகளும் மாட்டின. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகிப் பல நாள் படுத்துக் கிடந்தது. எழுந்துவிட்டது.

ஆக, வேவ் பிரதி இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டும் வேறு வேறு வீட்டில். ஆர்க்கைவ்வில் ஒன்று. ஊரார் பார்க்க யூடியூப்பில் ஒன்று.

கேட்பதற்கு? அதற்கு இணையமே வேண்டாம். அரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் மொபைல் கடைக்காரரிடம் எம்பி3யைக் கொடுங்கள். ஒரு பென்டிரைவ் மினிபஸ் டிரைவருக்கு, இன்னொன்று ஏர் ஓட்டும் டிராக்டர்காரருக்கு. காலை நடையில் ஒரு தடவை, மாலை நடையில் ஒரு தடவை. ஸ்பாட்டிஃபையின் ஆயிரம் கணக்கு எப்போதோ தாண்டியிருக்கும். என்ன, எண்ணத்தான் ஆள் இருக்கமாட்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள். எங்கே ஏற்றினாலும் ஊர், கூத்தின் பெயர், வாத்தியார் பெயர், பாடியவர், மத்தளம் அடித்தவர், தேதி எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டு ஏற்றுங்கள். இப்போது உங்கள் போனில் அது 'நியூ ரெக்கார்டிங் 14' என்று கிடக்கிறது.