முதல் பல் டாக்டர்

நம் வீடுகளில் பல்வலிக்கு முதல் டாக்டர் கிராம்புத் தைலம்தான். டோக்கன் கிடையாது, ஃபீஸ் கிடையாது, வாயை அகலமாகத் திறக்கச் சொல்லி அதட்டாது. விரியாத பூமொட்டிலிருந்து வடித்த இந்த எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால். அது வலியை மரத்துப்போக வைக்கும். சொத்தையை ஒன்றும் செய்யாது. வலி நின்ற சந்தோஷத்தில் நாம் முறுக்கு கடிப்போம், சொத்தை தன் வேலையைப் பார்க்கும். கடைசியில் நிஜ டாக்டரிடம் போனால், அவர் அதே யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாக அடைப்பதும் உண்டு. இந்தத் தடவை பில் வரும்.

மீன்களை மயக்கவும் இதே தைலத்தைத் தண்ணீரில் கலக்கிறார்கள். “இயற்கைதானே, என்ன பண்ணிடும்?” என்று எந்த மீனும் கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்கிறோம்.

கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கும் பெருமைதான். அதற்காகத் தைலத்தை நீர்க்கச் செய்யாமல் தேய்த்தால் ஈறு வெந்துபோகாமல் இருக்காது. 5 முதல் 10 மில்லி விழுங்கிய குழந்தைகள் கல்லீரல் கெட்டு, சுயநினைவிழந்து கிடந்திருக்கிறார்கள். பாட்டிலைக் கைக்கெட்டாத தட்டில் வையுங்கள். அப்படியே பல் டாக்டருக்கும் ஒரு போன் போடுங்கள்.