கட்டையைத் தொடாதலே, பேராண்டி

ஏலே பேராண்டி, உன் தைரியத்துக்கு ஒரு கும்பிடு. செல்போனைத் திறந்த வேகத்துல முதல் கட்டையைத் தூக்கி நட்டநடுவுல வைக்கே பாரு, அந்தத் துணிச்சல் நம்ம வம்சத்துல ஒருத்தனுக்கும் வாய்ச்சதில்ல. உங்கப்பன் பொண்ணு பாக்கப் போன அன்னைக்குக்கூட ரெண்டு வாய் கேசரி தின்னுட்டுத்தான் சரின்னு தலையாட்டுனான்.

எனக்கு இந்தச் சங்கதியெல்லாம் என்ன தெரியும்? கண்ணு மங்கல். காது, வேணுங்கறப்போ மட்டும் கேக்கும். திண்ணையில சாஞ்சு கெடக்கையில உன் போனு வெளிச்சம் மூஞ்சியில அடிச்சுது, ஓரக்கண்ணு தன்னால திரும்பிட்டுது. பாத்ததைச் சொல்லுதேன். தப்பா இருந்தா கெழவன் உளறுதான்னு விட்ரு. சரியா இருந்தாலும் நீ ஒத்துக்கிடப் போறதில்ல.

பிப்ஸாம்லா பேரு. நியூயார்க் டைம்ஸ் பேப்பர்க்காரன் 2025 ஆகஸ்டுல இறக்கிவிட்ட டோமினோ புதிர். தெனமும் மூணு பலகை: எளிது, நடுத்தரம், கடினம். எனக்குச் சிரிப்பு எதுக்கு வருதுன்னா, இதே பேப்பர்தான் 1924-ல குறுக்கெழுத்துப் போடுதவங்களைப் பாத்து, வெட்டி வேலை, ஒருவகைக் கிறுக்குன்னு எழுதுச்சு. பேர்ல் ஹார்பர்ல குண்டு விழுந்து ரெண்டு மாசம் கழிச்சு, 1942 பிப்ரவரியில, அதுவே ஞாயித்துக்கிழமைக் குறுக்கெழுத்தைப் போட ஆரம்பிச்சுது. 1950-ல தெனசரியாக்கிட்டுது. 2022-ல வேர்டிலைக் காசு குடுத்து வாங்கிப் போட்டுக்கிட்டுது. இப்போ டோமினோ. ஊருக்குப் புத்தி சொன்னவன் வீட்டுத் திண்ணையிலதான் கடைசியில சீட்டுக்கச்சேரி நடக்கும். என்னைப் பாத்து ஏம்லே சிரிக்கே?

சரி, சட்டத்தைச் சொல்லு பாப்போம். முழிக்கே. நானே சொல்லுதேன். பலகையைத் தோட்டம்னு வச்சுக்கோ. நெறம் நெறமாப் பாத்தி கட்டி விட்டிருக்கான். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு நிபந்தனை. ஒண்ணுல எண்ணு எழுதியிருக்கும். அந்தப் பாத்திக்குள்ள விழுற புள்ளியெல்லாம் கூட்டுனா அது வரணும். இன்னொண்ணுல சமக்குறி, எல்லாக் கட்டத்துலயும் ஒரே எண்ணு. சமமில்லைங்கற குறி போட்டிருந்தா ஒரு எண்ணு ரெண்டு தடவை வரப்படாது. பெருசு, சிறுசுன்னு குறி போட்டு எண்ணு எழுதியிருந்தா கூட்டுத்தொகை அதுக்கு மேல, இல்லேன்னா கீழ. ஒண்ணும் எழுதாத கட்டத்துல எதை வேணும்னாலும் நடலாம். கீழே வரிசையா இருக்கிற டோமினோக் கட்டை, ஒண்ணு ரெண்டு கட்டத்தை மூடும், அத்தனையும் தீரணும், ஒரு கட்டமும் காலியாக் கெடக்கப்படாது. அவ்வளவுதாம்ல.

இதுல நீ முதல் வாரம் பூரா என்ன செஞ்சே? மூணுக்குப் பக்கத்துல மூணைத் தேடி வச்சே. அது பெட்டியில வச்சு ஆடுத பழைய டோமினோவோட சட்டம். இங்கன ஒட்டி உக்காருத பாதிகள் பொருந்தணும்னு எவனும் சொல்லல. இல்லாத சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, இருக்கிற சட்டத்தைப் படிக்காம விட்டே. நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்.

இப்போ ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு உன் வழி. எல்லாத்துலயும் பெரிய பாத்தியாப் பாரு, ஏன்னா அதான் கண்ணுக்கு அழகா இருக்கு. கையில சிக்குன கட்டையை வை. பொருந்தலைன்னா ஒரு தட்டுத் தட்டித் திருப்பி வை. அதுவும் பொருந்தலைன்னா உச்சுக்கொட்டு. கடைசியில ஒரு கட்டையும், ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத ரெண்டு கட்டமும் மிஞ்சும். அப்போ போனு சரியில்லைன்னு சொல்லு. நல்ல வழிதான், பொழுது போகும்.

இன்னொண்ணு என் வழி. அதுல கைக்கு வேலையில்ல. கட்டையைத் தொடாதே, எண்ணு. எத்தனை ஆறு இருக்கு, எத்தனை அஞ்சு இருக்கு, எத்தனை புள்ளியில்லாத வெறும்பாதி. ரெண்டு பாதியும் ஒரே எண்ணா இருக்கிற ரெட்டைக் கட்டை எது எது. பொறவு எல்லாப் புள்ளியையும் கூட்டி ஒரு தொகையா வச்சுக்கோ. இது என்ன பிரயோசனம்னு கேக்கே. உன் பள்ளிக்கூடத்துல இதுக்குத்தாம்லே பத்து வருசம் பீஸ் கட்டுனோம்.

ஒரு பலகை சொல்லுதேன், மனசுலயே போடு. கட்டை ஆறு: 3-3, 3-1, 3-4, 6-6, 6-5, 5-0. கட்டம் பன்னெண்டு. நாலு கட்டத்துல ஒரு சமக்குறிப் பாத்தி. ரெண்டு கட்டத்துல 11. மூணு கட்டத்துல 17. மிச்சம் மூணு கட்டத்துல ஒண்ணும் எழுதல.

நீயா இருந்தா 6-6-ஐத் தூக்கிச் சமக்குறிப் பாத்தியில வச்சிருப்பே, ரெட்டைதானேன்னு. எண்ணிப் பாரு. ஆறு மூணேதான் இருக்கு. அஞ்சு ரெண்டு. நாலு தடவை வாரது மூணு மட்டும். ஆக, சமக்குறிப் பாத்தி மூணுக்குத்தான், அதுல மறுபேச்சே கிடையாது. அடுத்தது, ரெண்டு கட்டத்துல 11 வரணும்னா ஆறும் அஞ்சும் போட்டே ஆகணும், வேற வழி இருக்கா? மூணு கட்டத்துல 17-ன்னா ஆறு, ஆறு, அஞ்சு. இப்போ கூட்டு. கட்டையில மொத்தப் புள்ளி 45. சமக்குறிக்கு 12 போச்சு, அப்புறம் 11, அப்புறம் 17. மிச்சம் அஞ்சு புள்ளி. அந்த மூணு வெத்துக் கட்டத்துக்கு ஒண்ணும் நாலும் சைபரும் போகும், கூட்டிப் பாரு, அஞ்சு. ஒரு கட்டையையும் நீ நகத்தல, பன்னெண்டு கட்டத்துல எங்கன என்ன எண்ணு விழும்னு முக்கால்வாசி தெரிஞ்சு போச்சு.

இன்னும் கேளு. 5-0-ல அஞ்சு பதினொண்ணுலயோ பதினேழுலயோ போகணும், சைபர் வெளிய வெத்துக் கட்டத்துக்கு. அதனால அந்தக் கட்டை வரப்பு மேலதான் படுக்கும். அந்த வெத்துக் கட்டம் பதினேழை மட்டும் ஒட்டிக் கெடந்தா அஞ்சு பதினேழுக்கு. அப்போ பதினொண்ணுக்கு வேண்டிய அஞ்சை 6-5 தான் குடுக்கணும். ஒண்ணு, அந்தக் கட்டை முழுசா உள்ள படுக்கும், 6-6 பதினேழுக்குப் போயிரும். இல்லேன்னா ரெண்டு கட்டையுமே வரப்பைத் தாண்டிப் படுக்கும். ரெண்டே வழி. வடிவத்தைப் பாத்தா எது செல்லும்னு தெரிஞ்சிரும்.

இந்த வரப்பு விசயம்தான் உனக்குப் பிடிபட மாட்டேங்குது. பாத்தி எங்கன முடியுதோ கட்டையும் அங்கனயே முடியணும்னு நினைக்கே. சமக்குறிப் பாத்திக்குள்ள ஒரு கட்டை முழுசாப் படுக்கணும்னா அது ரெட்டையா இருக்கணும், யோசிச்சுப் பாரு. அந்த எண்ணுக்கு ரெட்டை இல்லேன்னா, அந்தப் பாத்தியில இருக்கிற ஒவ்வொரு கட்டமும் வெளிய கையை நீட்டித்தான் ஆகணும். அப்படி நீட்ட எடமே இல்லாம நடுவுல ஒரு கட்டம் மாட்டிக்கிட்டிருந்தா, அங்கன ரெட்டை உக்காந்தே தீரணும். ரெட்டை இருக்கிற எண்ணு எதுன்னு கீழே பாரு, பாத்தியோட எண்ணு ஏறக்குறைய கைக்கு வந்துரும். சமமில்லைங்கற பாத்திக்கு இதையே தலைகீழாப் பிடி: ரெட்டைக் கட்டை முழுசா உள்ள வரவே முடியாது. நேத்து நடுத்தரத்துல 2-2-ஐ அங்கன வச்சுட்டு அரைமணி நேரம் மத்த கட்டையையெல்லாம் திட்டிக்கிட்டிருந்தே. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கண்ணு மங்கல்னு சொன்னேம்லா, அது கிட்டத்துப் பார்வை.

வெறும்பாதியை மதிக்கக் கத்துக்கோ. புள்ளி இல்லாததுனால அதுக்கு மரியாதை இல்லைன்னு நினைச்சு கடைசிக்கு ஒதுக்கி வைக்கே. டோமினோ சீனாவுல பொறந்தது. அவங்க செட்டுல 32 கட்டை, வெறும்பாதியே கிடையாது. ஆறு பக்கப் பகடை ரெண்டை உருட்டுனா என்னென்ன விழுமோ அதுதான் கட்டை, சிலது ரெண்டு ரெண்டா இருக்கும். பதினெட்டாம் நூத்தாண்டுல ஐரோப்பாவுக்குப் போன பொறவு பாத்தா அங்கன வெறும்பாதி வச்ச கட்டை ஏழு சேந்திருக்கு, மொத்தம் 28. அந்த ஏழும் வந்ததாலதான் இந்தப் புதிருக்கே ருசி. ரெண்டு கட்டத்துல ஒண்ணுன்னு எழுதியிருந்தா ஒண்ணும் சைபரும். மூணு கட்டத்துல சைபர்னா மூணும் வெறும்பாதி. ரெண்டுக்குக் கீழன்னு ஒரு பாத்தி, நாலு கட்டம் இருந்தா குறைஞ்சது மூணு வெறும்பாதி அங்கன போயித்தான் ஆகணும். ரொம்பப் பெரிய தொகையும் ரொம்பச் சின்னத் தொகையும் எழுதுன பாத்திதான் முதல்ல வாயைத் திறக்கும். ஏழு, எட்டுன்னு நடுவாந்தரமா எழுதியிருந்தா அதுக்கு ஆயிரம் வழி, அங்கன போயி மல்லுக்கட்டாதே. உன் மூஞ்சியைப் பாத்தா ஏழு எழுதுன பாத்தியிலதான் இப்போவும் நிக்கேன்னு தெரியுது.

பொறவு, எண்ணையே பாக்காம வடிவத்தை மட்டும் பாக்குற வித்தை ஒண்ணு உண்டு. மூணு பக்கமும் அடைபட்ட கட்டம் எங்கன இருக்குன்னு தேடு. அங்கன கட்டை எந்தத் திசையில படுக்கும்னு எண்ணு தெரியாமலே சொல்லிரலாம், ஏன்னா வேற திசையே கிடையாது. அதை மனசுல வச்சதும் அடுத்த கட்டமும் அடைபட்டிரும். சில பலகையில இப்படியே பாதிக்குமேல ஓடிரும்.

பலகையை ரெண்டாப் பிரிக்கிற மாதிரி கட்டையை வச்சிராதே. பிரிஞ்ச துண்டுல ஒத்தைப்படையாக் கட்டம் நின்னா கதை முடிஞ்சுது. ரெட்டைப்படையா நின்னாலும் நம்பிராதே. மேக்ஸ் பிளாக்னு ஒரு தத்துவ வாத்தியார் 1946-ல ஒரு புத்தகத்துல இதைப் புதிராப் போட்டாரு. சதுரங்கப் பலகையில எதிரெதிர் மூலைக் கட்டம் ரெண்டை வெட்டிட்டா மிச்சம் 62. அதை 31 டோமினோவால மூட முடியுமா? உன்னைக் கேட்டா கணக்கு சரிதானே தாத்தான்னு சொல்லுவே. முடியாதுலே. வெட்டுன ரெண்டு மூலையும் ஒரே நெறம். மிச்சத்துல ஒரு நெறம் 32, மத்தது 30. எப்படி வச்சாலும் ஒரு கட்டை ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மூடும். உன் பலகைத் துண்டையும் மனசுக்குள்ள கறுப்பு வெள்ளையா எண்ணிப் பாரு, சரிசமமா வரலைன்னா வச்ச கட்டையை எடுத்துரு.

ஒண்ணும் எழுதாத கட்டத்தைக் கடைசிக்கு விடு. நீ முதல்ல அதைத்தான் ரொப்புதே, வசதியா இருக்குன்னு. அது எந்தக் கட்டையையும் வேண்டாம்னு சொல்லாது, அதனாலதான் அதைச் சேமிச்சு வைக்கணும்.

பக்கத்து வீட்டுப் புள்ள போட்ட விடை உன் விடை மாதிரி இல்லைன்னு நேத்து சண்டைக்குப் போனே. ஒரே விடைதான்னு இதுல கட்டாயம் இல்ல. நிபந்தனை எல்லாம் சரியா இருந்தா அவ வச்சதும் சரி, நீ வச்சதும் சரி. ஆனா அவ நாலு நிமிசத்துல முடிச்சா. அதை ஏன் சொல்லாம மறைச்சே? அந்தக் கடிகாரம் இருக்கே, அதைப் பாக்காதேன்னு சொன்னா கேக்க மாட்டே. பாரு, நல்லாப் பாரு. அவ நேரத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கோ. மொகத்துக்கு ஒரு களை வரும்.

எளிதையும் நடுத்தரத்தையும் இப்போ போட்ருவே. கடினம் வேற மாதிரி. அதுல ரொடால்ஃபோ குர்ச்சான்னு பேரு வருது பாத்தியா, அர்ஜென்டினாக்காரரு, புதிர் கட்டுறதையே பொழப்பா வச்சவரு. அந்த மனுசன் ஒரு வாசலை மட்டும் திறந்து வச்சுட்டு மத்த வாசல்ல எல்லாம் கோலம் போட்டு வைப்பாரு. நீ கோலத்தைப் பாத்து நேரா உள்ள போவே.

இன்னைக்குக் கடினத்துல கீழ் ஓரமா சமமில்லைங்கற குறியோட ஒரு பாத்தி கெடக்கு, ஏழு கட்டம். அந்த ஏழுல என்ன விசேசம்னு எனக்குத் தெரியும். உனக்குச் சும்மா சொல்ல முடியாது. முதல்ல கடைத்தெருவுக்குப் போயி கொழுந்து வெத்தலையும் கொட்டைப்பாக்கும் வாங்கிட்டு வா. சுண்ணாம்பு அந்தப் பழைய கடையில வாங்காதே, கல்லு கெடக்கு. போனை எதுக்குலே கையில எடுத்துக்கிட்டுப் போறே, வழியில சைக்கிள்ல முட்டிக்கிடவா? திண்ணையிலயே வச்சுட்டுப் போ. பூட்டைத் திறந்து வைக்கவும் வேண்டாம். உன் பொறந்த தேதிதானே.