படுத்தால்தான் பணம்

கேள்வி: எங்கள் ஊரிலேயே நல்ல மனநல ஆலோசகர் கிடைப்பாரா? அவருடைய ஃபீஸை இன்ஷூரன்ஸில் வாங்க முடியுமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: தேடினால் கிடைப்பார். தாடி வைத்து, மெதுவாகப் பேசுகிறவர் எல்லாம் ஆலோசகர் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். வரன் பார்க்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா சம்பளம்வரை விசாரிக்கிறோமே, இதில் என்ன கூச்சம்? சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதமாட்டார். அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை.

இனி இன்ஷூரன்ஸ். உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. சட்டம் தாராளம், பாலிசியின் பொடி எழுத்துதான் கருமி. பெரும்பாலான பாலிசிகள் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் தராது. அதற்கு வெளிநோயாளிச் செலவையும் ஏற்கும் ஓ.பி.டி. கவர் வேண்டும். ஏஜென்ட்டிடம் கேட்டால், "எல்லாம் கவர் ஆகும் சார்" என்பார். அவர் தொழில் அது! கம்பெனிக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்: ஓ.பி.டி. உண்டா, சைக்காலஜிஸ்ட் பில் செல்லுமா, டாக்டர் சீட்டு வேண்டுமா? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

அதுவரை காத்திருக்க முடியாவிட்டால், 14416. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, பாலிசி நம்பரும் கேட்கமாட்டார்கள்.