நெய்வேலிக் குடும்பஸ்தர்

நெய்வேலிக் குடும்பஸ்தர் என்பவர் 1930-களின் பிற்பகுதியில் பிறந்து, 1960 வாக்கில் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தவர். சட்டைப்பையில் பேனா, சைக்கிள் ஹேண்டில்பாரில் மஞ்சள் பை, மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிடும் பி.எஃப். கணக்கு ஆகியவை இவருடைய அடையாளங்கள்.

இவ்வினத்தார் பலருக்குப் பூர்வீகம் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரம். நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை வந்துவிட்டது. மழையையும் கரும்பு விலையையும் நம்பிப் பிழைத்த அப்பாவைப் பார்த்து வளர்ந்ததால், மகனுக்கு மாதச் சம்பளம் என்பது மோட்சத்துக்கு ஒரு படி கீழே இருந்தது. அந்தச் சம்பளம் வந்த இடம் நெய்வேலி. அங்கே ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கிய கதை, 1956-ல் நிறுவனமாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடக்கி வைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில்தான். நடுவில் நான்கு ஆண்டுகள் மண்தான் அள்ளினார்கள். பெண் வீட்டாரிடம் ‘மாப்பிள்ளை நிலக்கரிக் கம்பெனி’ என்று பெருமையாகச் சொன்ன காலத்தில், அந்த நிலக்கரியை மாப்பிள்ளையே பார்த்ததில்லை.

கல்யாணமானதும் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. டவுன்ஷிப்பில் மனிதருக்குப் பெயர் இரண்டாம்பட்சம். பிளாக் நம்பர், தெரு, வீட்டு நம்பர் ஆகியவற்றைச் சொன்னால்தான் ஆள் யார் என்று விளங்கும். குடும்பத்தின் பஞ்சாங்கம் ஷிப்ட் அட்டவணை. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று வாரம் மாறும். நைட் ஷிப்ட் வாரத்தில் அப்பா பகலில் தூங்குவார். குக்கர் விசிலடித்தால் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பார். பிள்ளைகள் சைகையில் சண்டை போடுவார்கள். ‘சத்தமே கேக்கலியே, எல்லாரும் எங்க?’ என்று கேட்டபடி அவர் எழுந்துவருவது வழக்கம்.

ரஷ்ய உதவியுடன் கட்டிய 600 மெகாவாட் அனல் மின் நிலையத்தில் எட்டு மணி நேரம் மின்சாரம் உற்பத்தி செய்துவிட்டு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவர் செய்யும் முதல் காரியம், ஆளில்லாத அறையின் விளக்கை அணைப்பது. ஆளிருக்கும் அறையில், ‘படிக்கிறியா, சும்மா உக்காந்திருக்கியா?’ என்று விசாரித்துவிட்டு அணைப்பார். குளிக்க வெந்நீர், பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த லெக்கோ கரி போட்ட பாய்லரில்.

பாசத்தை இவர் வாயால் சொன்னதாகத் தகவல் இல்லை. சித்திரை, வைகாசியில் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். திண்ணையில் பழைய தினத்தந்தியை விரித்து, கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, பழத்தைப் பிளந்து, தண்டைச் சீவி எறிந்து, சுளை சுளையாகப் பிரித்து, தலைக்கு இத்தனை என்று எண்ணி வைப்பார். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். கொட்டைகள் சாம்பாருக்கு. கடைசியில் அவருக்கு மிஞ்சுவது கையில் ஒட்டிய பிசின். ‘நீங்க சாப்பிடலியா?’ என்று மனைவி கேட்டால், ‘எனக்குப் பலாப்பழம் ஆகாது’ என்பார். ஆகுமா ஆகாதா என்பதை யாரும் சோதித்ததில்லை.

இவரது பொருளாதாரம் சொசைட்டி லோனில் இயங்கியது. தீபாவளி போனஸ் வருவதற்குள் செலவாகிவிடும். மூத்த மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்ஜினியரிங் படிக்க ஒரு லோன், அதை அடைக்க இன்னொன்று, மகள் கல்யாணத்துக்கு இரண்டையும் சேர்த்து மூன்றாவது. பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போன பிறகு, அங்கே என்ன மணி என்று கணக்குப் போட்டு, ஷிப்ட் பழக்கத்தால் சரியாகச் சொல்லிவிடுவார்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே இந்திரா நகர்ப் பக்கம் வீடு கட்டுவது மரபு. முப்பத்தைந்து ஆண்டு மின்சாரம் தயாரித்தவருக்கு மின்வெட்டு என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது, நாள்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். அணைக்க விளக்கில்லாமல் தவித்ததாக மனைவி சொல்வார்.

நீண்ட ஆயுளுக்குக் காரணம் கேட்டால் நடைப்பயிற்சி என்பார். மனைவி, தான் வைத்த ரசம் என்பார். பென்ஷனை விடக்கூடாது என்ற வைராக்கியம் என்பது பேரனின் கருத்து. ஆண்டுக்கொரு முறை ஆயுள் சான்று கொடுத்து, தாம் உயிரோடிருப்பதை எழுத்துமூலம் நிரூபித்துவந்தார்.

காலமான பின் பீரோவில் ஒரு ஃபைல் கிடைக்கும். வீட்டுப் பத்திரம், பாஸ்புக், நாமினி படிவங்கள், யார் யாருக்குத் தகவல் சொல்வது என்ற பட்டியல் எல்லாம் வரிசையாக, நகலோடு இருக்கும். பென்ஷனில் பாதி மனைவிக்கு வரும். உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் நிரூபிக்கும் வேலை மட்டும் முழுசாக அந்த அம்மாவுக்குச் சேரும்.