கனரகப் பிக்கப் வண்டிகளில் இடுப்புக்கு நேர்வன: ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வின் தேவை

அமெரிக்காவில் கனரகப் பிக்கப் வாங்கப் போகிறவர் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்பார். எவ்வளவு இழுக்கும்? எவ்வளவு சுமக்கும்? எஞ்சின் எத்தனை குதிரைத்திறன்? வண்டி வீட்டுக்கு வந்தபின் நான்காவது கேள்வி பக்கத்து இருக்கையிலிருந்து வரும்: "இது ஏன் இப்படித் தூக்கித் தூக்கிப் போடுகிறது?"

முதல் மூன்றுக்கும் விளம்பரக் கையேட்டில் அட்டவணை உண்டு. நான்காவதுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அறிவுலகம் விட்டுவைத்த இந்தப் பள்ளத்தை, முடிந்தவரை குலுங்காமல், நிரப்ப முயல்கிறது இவ்வாய்வு.

2. ஆய்வுப் பொருளும் எல்லையும்

சுமையோடு சேர்த்து 8,501 முதல் 14,000 பவுண்டு வரை மொத்த எடை அனுமதிக்கப்பட்ட பிக்கப்புகளே இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அதாவது ஃபோர்டு எஃப்-250, 350. ராம் 2500, 3500. செவ்ரோலே சில்வராடோ 2500, 3500. கூடவே சில்வராடோவின் உடன்பிறப்பான ஜிஎம்சி சியரா. 250, 2500 என்று வருபவை ஊர் வழக்கில் 'முக்கால் டன் வண்டி'; 350, 3500 என்று வருபவை 'ஒரு டன் வண்டி'. இன்றைய முக்கால் டன் வண்டிகளில் பல ஒரு டன்னுக்கு மேலேயே சுமக்கும். குட்டி என்று கூப்பிட்ட பிள்ளை ஆறடி வளர்ந்த பிறகும் வீட்டில் குட்டிதானே, அதுபோல.

3. கருதுகோள்

வண்டி மோசமாகச் செய்யப்பட்டதால் தூக்கிப் போடவில்லை. ஒழுங்காகச் செய்யப்பட்டதால்தான் தூக்கிப் போடுகிறது. ஒன்றரை டன் வரப்போகிறது என்று இடுப்பை வரிந்துகட்டி நிற்கிற பின் ஸ்பிரிங்கின் மேல் நாலு மளிகைப் பைகளை வைத்தால் அது வளைந்துகொடுக்குமா? சுமை கூடக்கூட ஸ்பிரிங் மேலே நிற்கும் கனம் ஏறி, வண்டி ஆடும் வேகம் குறைந்து நிதானமாகும். இது பள்ளிக்கூட இயற்பியல். ஆகவே காலியாகப் போகிறவருக்குத் தண்டனை, மூட்டையோடு போகிறவருக்குச் சுகம். கனரகப் பிக்கப்பின் நீதி இதுவே.

4. அளவைமுறை

மெய்ப்பாடு எட்டு என்றார் தொல்காப்பியர். சர்வதேசத் தர நிறுவனம் 1997இல் வெளியிட்ட 2631-1 என்ற தரநூல், அதிர்வில் மனிதருக்குத் தோன்றும் மெய்ப்பாடு ஆறு என்கிறது. 'அசௌகரியம் இல்லை' என்பதில் தொடங்கி, கொஞ்சம், ஓரளவு, அசௌகரியம், மிகுந்த அசௌகரியம் என ஏறி, 'கடும் அசௌகரியம்' என்பதில் முடிகிறது அந்த வரிசை. ஒவ்வொன்றுக்கும் வினாடி வர்க்கத்துக்கு இத்தனை மீட்டர் என்று முடுக்கக் கணக்கும் உண்டு. 'ஓரளவு' என்பது 0.5 முதல் 1 வரை. வெறும் 'அசௌகரியம்' 0.8 முதல் 1.6 வரை. எனவே 0.9இல் குலுங்குகிறவர் ஒரே நேரத்தில் இரண்டு நிலையிலும் இருக்கிறார். அறிஞர்கள் வேண்டுமென்றேதான் இப்படி எல்லைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டிருக்கிறார்கள்: ஒரே குலுக்கல் கணவருக்கு 'ஓரளவு', மனைவிக்கு 'அசௌகரியம்'.

வாங்குபவரிடம் முடுக்கமானி இருக்காது. அதற்குப் பதில் காபிக் குவளை போதும். முக்கால்வாசி நிரப்பி, மூடி போட்டு, இரு இருக்கைகளுக்கு நடுவே உள்ள குழியில் வையுங்கள். மூடித் துளையின் ஓரத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்துத் திரும்பினால் 'கொஞ்சம்'. அது மூடியின் மேல் தேங்கினால் 'ஓரளவு'. சட்டையில் விழுந்தால் அதற்கு மேல் அளக்க வேண்டியதில்லை.

5. ஒப்பீடு

ராம் 2500: 2014 மாடலிலிருந்து பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டார்கள். கூடுதல் பணம் கொடுத்தால் பின்னால் காற்றுப் பையும் கிடைக்கும். காலி வண்டியில் பின்பக்கம் துள்ளாமலிருப்பதில் இதற்கே முதலிடம் என்பது பரவலான தீர்ப்பு. இதன் அண்ணன் 3500 பட்டை ஸ்பிரிங்கிலேயே நிற்கிறது. சுமை என்று வந்துவிட்டால் அண்ணன் சுகம் பார்ப்பதில்லை.

சில்வராடோ, சியரா: முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும், முறுக்குக் கம்பி தாங்குகிறது. இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்தச் சேதி வலது சக்கரத்துக்கு நேராகப் போய்ச் சேராது. ஸ்டியரிங் பிடித்தவருக்கு இது பெரிய நிம்மதி. பின்னால் வழக்கம்போலப் பட்டை.

ஃபோர்டு: நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிகளில் முன்னால் ஒரே முழு அச்சு, சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை. ராமின் நான்கு சக்கர இழுவை வண்டிகளிலும் முன்னால் முழு அச்சுதான். பனி தள்ளும் கலப்பையைக் கட்ட இது உறுதியானது. ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சே சாயும். உள்ளே இருப்பவரின் தலை பக்கவாட்டில் ஆடும். தூரத்திலிருந்து பார்ப்பவர், இவர் யாருக்கோ சம்மதம் சொல்கிறார் என்று நினைக்கக்கூடும்.

6. கான்கிரீட் தேற்றம்

செங்குத்து அதிர்வில் மனித உடம்பு மிகவும் நொந்துகொள்வது ஏறத்தாழ வினாடிக்கு 4 முதல் 8 முறை ஆடும்போது. இனி கணக்கு. அமெரிக்காவின் கான்கிரீட் நெடுஞ்சாலைகள் பலவற்றில் சுமார் 15 அடிக்கு ஓர் இணைப்பு இருக்கும். மணிக்கு 60 மைல் என்பது வினாடிக்கு 88 அடி. 88ஐ 15ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 5.9. உடம்பு எதைத் தாங்காதோ சரியாக அதையே சாலை தருகிறது.

தப்ப இரண்டே வழி. 41 மைலுக்குக் கீழே இறங்கலாம்; பின்னால் வரும் லாரி ஹாரனிலேயே பதில் சொல்லும். 82 மைலைத் தாண்டலாம். சட்டப்படி அதற்கு இடமுள்ள சாலை, நாட்டிலேயே அதிகபட்சமாக 85 மைல் அனுமதிக்கும் டெக்சஸ் 130ஆம் எண் சுங்கச்சாலையின் ஒரு பகுதிதான். அங்கே போய்ச் சேரும்வரை குலுங்கத்தான் வேண்டும்.

அச்சிடை, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், நீளமான வண்டி குறைவாகக் குலுங்கும் என்பது பொதுவிதி. ஆனால் நான்கு கதவும், பின்னால் நீளமான சுமைத் தொட்டியும் கொண்ட எஃப்-250இன் அச்சிடை 176 அங்குலம்; 15 அடி என்பது 180 அங்குலம். முன்சக்கரம் ஓர் இணைப்பில் ஏறும் ஏறத்தாழ அதே கணத்தில் பின்சக்கரம் முந்தைய இணைப்பில் ஏறுகிறது. வண்டி முன்னும் பின்னும் தலையாட்டுவதை விட்டுவிட்டு, மொத்தமாக எழுந்து மொத்தமாக உட்காருகிறது. விதிவிலக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

7. மறுப்புகளும் விடைகளும்

"உயர்ரக மாடலில் மசாஜ் செய்யும் தோல் இருக்கை வருகிறதே?" வரும். ஆனால் அமுக்குவது இருக்கையா பட்டையா என்று பிரித்தறிய இதுவரை முறை ஏதும் இல்லை.

"டயரில் காற்றைக் குறைத்தால்?" பலன் உண்டு. இவ்வகை டயர்கள் பலவற்றுக்கு உச்ச அழுத்தம் 80 பிஎஸ்ஐ. கடையில் யாரோ உச்சம்வரை நிரப்பி அனுப்பியிருந்தால், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவந்தாலே பாதி வலி போய்விடும். அதற்கும் கீழே இறக்கிவிட்டுச் சுமை ஏற்றினால் டயர் சூடாகி வெடிக்கக்கூடும். இந்த ஒரு வாக்கியத்தில் கேலி இல்லை.

"தொட்டியில் மணல் மூட்டை போடலாமா?" போடலாம், நகராதபடி கட்டிவையுங்கள். எழுபதாயிரம் டாலர் வண்டிக்குச் சில டாலர் மணல் மருந்தாவது, இத்துறை தரும் மிக மலிவான ஞானம்.

"டிரெய்லர் பூட்டினால்?" தொட்டியின் நடுவே பூட்டும் டிரெய்லரின் கனம் பின் அச்சில் அழுந்துவதால் துள்ளல் அடங்கும். பதிலாக முன்னும் பின்னும் இடிக்கத் தொடங்கும். குலுக்கல் ஒழிவதில்லை, திசைதான் மாறுகிறது.

8. முடிவும் பரிந்துரையும்

காலியாகவே அதிகம் ஓடுமென்றால், மூன்றில் ராம் 2500ஐ முதலில் ஓட்டிப் பாருங்கள். முன்பக்க அமைதி முக்கியமென்றால் சில்வராடோ. கனத்த டிரெய்லர் வாரம் தவறாமல் பூட்டுவதென்றால் எதை வாங்கினாலும் சரி; சுமை ஏறியபின் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். கடையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான தார்ச்சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய கான்கிரீட் சாலையில் ஓட்டக் கேளுங்கள், பின் இருக்கையில் வீட்டாரை உட்காரவையுங்கள். தொட்டியில் ஏறப்போவது வாரம் ஒருமுறை மளிகைதான் என்றால் இவற்றுக்கு ஒரு படி கீழே உள்ள 'அரை டன் வண்டி'யே போதும். இடுப்பும் மிச்சம், பணமும் மிச்சம்.