வெளிச்சம் கொஞ்சம் போதும்

கேள்வி: இரண்டடி மீன் தொட்டியில் செடி வளர்க்க ஆசை. தினமும் அதைக் கட்டிக்கொண்டு அழ நேரமில்லை. எந்த விளக்கு வாங்கலாம்?
– வாசகர், தெமோதரை

பதில்: தெமோதரை ரயிலே ஒரு வட்டம் அடித்துத் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைந்துதான் போகிறது. பதிலாவது நேராக இருக்கட்டும்: 9 வாட் எல்இடி பல்பு ஒன்று, 6500 கெல்வின் 'டேலைட்' நிறத்தில்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் ஏறத்தாழ 56 லீட்டர். அதிகம் கேட்காத செடிகளுக்கு லீட்டருக்கு 10 முதல் 20 லூமன் என்பது மீன் வளர்ப்போரின் கைக்கணக்கு. 9 வாட் பல்பு சுமார் 800 லூமன் தரும். கண்ணைப் பறிக்கும் விலையுயர்ந்த விளக்கைப் பூட்டினால், கரியமில வாயு சிலிண்டர், உரம், வாராவாரம் கத்தரிக்கோல் என்று வேலை பின்னாலேயே வரும். வராவிட்டால் பாசி வரும்.

செடிக்கு அதிகம் அலைய வேண்டாம். உலகமெங்கும் தொட்டிகளில் வளரும் கிரிப்டோகோரைன் வெண்டியை என்ற செடி இலங்கைக்கே உரியது. மர நிழல் விழும் ஓடைகளில் வளர்வது. டச்சு அறிஞர் டி விட் 1958இல் அதற்குப் பெயர் வைத்தார். இடம் மாற்றி நட்டால் கோபித்துக்கொண்டு இலையெல்லாம் கரைத்துவிடும். பிடுங்கி எறியாதீர்கள், வேர் பிழைத்திருந்தால் சில வாரங்களில் துளிர்க்கும்.

தொட்டியை ஜன்னலோரம் வைக்காமல், விளக்கை டைமரில் மாட்டி 6 முதல் 8 மணி நேரம் எரியவிடுங்கள். மின்வெட்டு வந்தால் செடி பதறாது, வாசகரும் பதற வேண்டாம்.